பல் தெரியாத படங்கள்

அன்புள்ள ஐயா,

டோக்கியோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். அப்பாவுக்கு மாற்றலாகி, நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது தருமபுரிக்கு வந்தோம். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த நண்பன் இப்போது பாலக்கோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். பல வருடமாகக் கூப்பிட்டு, போன ஏப்ரலில்தான் ஜப்பான் வந்தான்.

லீவு போட்டு, மணிவாரியாக அட்டவணை போட்டு, ஃபூஜி, கியோட்டோ, ஹிரோஷிமா என்று கூட்டிப்போனேன். ரயில் பாஸ் சுற்றுலா வருகிறவர்களுக்கு மட்டும்தான். அவனுக்கு ஏழு நாளுக்கு 50,000 யென், எனக்கு முழு டிக்கெட். செலவைச் சொல்லவில்லை. அவன் எதையுமே ரசிக்கவில்லை என்பதுதான் வருத்தம். கியோட்டோ பொற்கோயிலைக் காட்டி, 600 வருடம் பழையது என்றேன். "ம்" என்றான். நான்சென்-ஜி கோயிலில் மட்டும், கோயிலை விட்டுவிட்டு, வளாகத்துக்குள் இருக்கும் செங்கல் வாய்க்கால் பாலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். "இதுல இன்னும் தண்ணி ஓடுதாடா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து மேட்டில் ஏறிப் போய்விட்டான். அன்று நாரா போக முடியவில்லை. நூற்றுக்கணக்கில் படம் எடுத்தேன். ஒன்றில்கூடச் சிரிக்கவில்லை, வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறான். சாப்பாட்டுக்கு ரசப்பொடி கொண்டுவந்திருந்தான். ஊருக்குப் போய் "அங்க சுத்தமா இருக்கு" என்பதோடு முடித்துக்கொண்டானாம்.

நான் எங்கே தவறினேன்? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஜனவரியில் எங்கள் டீம் லீடர், ஜப்பானியர், என்னோடு தருமபுரிக்கு வருகிறார். ஒகேனக்கலை விட்டால் அங்கே காட்ட என்ன இருக்கிறது?

ம., டோக்கியோ

அன்புள்ள ம.,

சிரிக்காத படங்களைப் பற்றி எழுதாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டிருக்க மாட்டேன். விருந்தாளியைக் குறை சொல்லி வெளிநாட்டிலிருந்து வரும் கடிதங்கள் எனக்குப் பழக்கம்தான். ஆனால் கொஞ்ச நாளாகவே இந்தச் சிரிப்பு விஷயம் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கையின் பேத்தி பல்லெல்லாம் தெரிய நிற்கும் பள்ளிக்கூடப் படம் வீட்டுக்கு வந்ததிலிருந்து.

சில்லறை விஷயங்களை முதலில் ஒதுக்கிவிடுவோம். "செலவைச் சொல்லவில்லை" என்று எழுதிய கையோடு யென் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். நண்பரிடமும் இப்படித்தான் சொல்லாமல் சொன்னீர்களா? ரசப்பொடியை விடுங்கள், திருப்பதிக்கே கட்டுச்சோறு எடுத்துப் போகிற ஆட்கள் நாம். பொற்கோயிலுக்கு அவர் சொன்ன "ம்" சரியான பதில். பழைய கட்டடம் 1950இல் ஓர் இளம் துறவி தீ வைத்து எரிந்துபோயிற்று. நீங்கள் காட்டியது 1955இல் திரும்பக் கட்டியது.

இப்போது படங்களுக்கு வருகிறேன். தருமபுரியில் அத்தனை வருடம் படித்தீர்களே, கூடப் படித்தவர்களில் எத்தனை பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள் என்று ஒருநாளாவது பார்த்தீர்களா? எங்கள் மண்ணுக்கு அடியில் இருக்கும் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தப் பக்கத்துப் போர்க் குழாய்க் கிணறுகள் பலவற்றில் அது தாண்டிப் போய் எவ்வளவோ காலமாயிற்று. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால், முளைத்து வரும்போதே பல் கெட்டு வரும், பிறகு கோடு கோடாகக் காவி படியும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல் உருவான பிறகு வந்து குடிப்பவருக்கு அந்தக் கறை வராது. நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் வந்தீர்கள். உங்கள் பல் தஞ்சாவூர்ப் பல். அந்தக் காவிரி ஒகேனக்கலில் எங்களைத் தாண்டித்தான் உங்கள் ஊருக்கு வந்தது. எங்களுக்கு அது கீழே பள்ளத்தில் சத்தம் போட்டுக்கொண்டு போகும் தண்ணீர். குடித்ததெல்லாம் மேலே இருந்த போர்த் தண்ணீர்.

என் பள்ளி இறுதி வகுப்புப் படம் இன்னும் இருக்கிறது. படமெடுக்கச் சேலத்திலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள். கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, "ஏம்ப்பா, எழவு வீட்டுக்கா வந்திருக்கீங்க? கொஞ்சம் சிரிங்களேன்" என்றார். ஒருவரும் அசையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாத்தியார்களும்தான். பின்வரிசை ஓரத்தில் ஒரே ஒரு பையன் பளிச்சென்று சிரிக்கிறான். அவன் ரயில்வேக்காரர் மகன், விழுப்புரத்திலிருந்து வந்தவன். எங்கள் ஊர்ப் பெண்கள் வாயைக் கையால் மறைத்துச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன அடக்கம்!" என்று மெச்சிவிட்டுப் போன சம்பந்தி வீட்டார்கள் உண்டு. ஜப்பானிலும் பெண்கள் அப்படிச் சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அங்கே கல்யாணமான பெண்கள் இரும்புச் சாயம் பூசிப் பல்லை வேண்டுமென்றே கறுப்பாக்கிக்கொண்டார்கள், அதுதான் அழகு என்று. உங்கள் நண்பர் நூற்றைம்பது வருடம் முன்னால் வந்திருந்தால் கூச்சப்பட்டிருக்க மாட்டார்.

ஒவ்வொரு இடத்திலும் அவரை நிறுத்தி, "சிரிடா, சிரிடா" என்று எத்தனை தடவை சொன்னீர்களோ! அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, தம்பி. பாலிடெக்னிக்கில் கூடவே இருந்த ஆள் நீங்கள்.

அந்த வாய்க்கால் பாலத்தடியில் நானும் நின்றிருக்கிறேன். கோயில் மரங்களுக்கு நடுவே செங்கல் வளைவுகள், அதற்கு மேல் தண்ணீர். மேட்டில் ஏறினால் கைக்கெட்டும் தூரத்தில் சலசலவென்று ஓடுவதைப் பார்க்கலாம். மெய்ஜி பேரரசர் காலத்தில் தலைநகரம் டோக்கியோவுக்குப் போனதும் கியோட்டோ படுத்துவிட்டது. ஊரை நிமிர்த்த, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிவா ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரலாம் என்று முடிவு செய்தார்கள். வேலையை ஒப்படைத்தது தனாபே சகுரோ என்ற பையனிடம். இந்தக் கால்வாயைப் பற்றியே ஆய்வேடு எழுதி 1883இல் கல்லூரியை முடித்தவர், அப்போது வயது 21. 1885இல் தொடங்கி 1890இல் முடித்தார்கள். மலையைக் குடைந்த முதல் சுரங்கம் மட்டும் 2,436 மீட்டர். வழியில் மோட்டார் கிடையாது, வாட்டம் பார்த்து வெட்டி, தானாக ஓடவிட்டார்கள். 1891இல் அந்தத் தண்ணீரிலேயே கெயாகே என்ற இடத்தில் மின்சாரம் எடுத்தார்கள். 1895இல் அந்த மின்சாரத்தில் கியோட்டோவில் டிராம் ஓடியது. ஊர் இன்றைக்குக் குடிப்பதும் அந்த ஏரித் தண்ணீர்தான்.

கெயாகேவில் செர்ரி மரங்களுக்கு நடுவே பழைய தண்டவாளம் ஒன்று போகும். ஏப்ரலில் ஜப்பானில் பாதிப் பேர் அங்கேதான் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் நண்பரை அதில் நிறுத்தி எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது எதற்குப் போட்ட தண்டவாளம் என்று சொன்னீர்களா? கால்வாயில் வந்த படகுகளை வண்டியோடு அந்தச் சரிவில் ஏற்றி இறக்கியது. இழுத்தது மின்மோட்டார், கால்வாய்த் தண்ணீரில் எடுத்த மின்சாரத்தில் ஓடியது. காலையிலிருந்து ராத்திரி வரை கருகிப்போன சப்மெர்சிபிள் மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பி சுற்றுகிற மனிதர் வந்திருக்கிறார். ஆயிரம் அடிக்குக் கீழே இருந்து இழுத்து இழுத்து மோட்டார் போவதை வைத்துத்தான் அவர் வீட்டில் அடுப்பெரிகிறது. அவரிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் பூவைக் காட்டியிருக்கிறீர்கள். சொல்லாமலே அவர் கண்டுபிடித்து மேட்டில் ஏறினார் பாருங்கள், அதற்காகச் சந்தோஷப்படாமல் நாரா மான்களைத் தவறவிட்டதற்கு அழுகிறீர்கள். மான் எங்கே போய்விடும்?

இதையும் கேளுங்கள். ஒகேனக்கலிலிருந்து காவிரித் தண்ணீரை மேலே ஏற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 1,928 கோடி ரூபாயில், 2013இல் ஓட ஆரம்பித்தது. பெரும்பங்கு பணம் ஜப்பானின் கடன். தானமில்லை, நாம் திருப்பிக் கட்டுகிற கடன்தான். ஆனாலும் அந்தப் பணம் வந்ததால்தான் குழாய் வந்தது. என் தங்கை பேத்தி அதற்குப் பிறகு பிறந்தவள். எங்கள் தெருவில் அந்தத் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, அவள் பல் வெள்ளை. குழாயில் காற்று மட்டும் வரும் ஊர்களும் உண்டு, அங்கே இன்னும் போர்தான். நீங்கள் சம்பளம் வாங்கும் நாட்டுக்கும் உங்கள் நண்பர் வீட்டுக் குடத்துக்கும் நடுவே இப்படி ஒரு குழாய் போகிறது. நீங்களோ அவருக்குப் பொன் பூசிய புதுக் கட்டடத்தைப் பழசு என்று காட்டிக்கொண்டிருந்தீர்கள்.

சுற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்களிடம் எனக்கு இருக்கும் தீராத சண்டை இதுதான். எல்லாரும் பார்ப்பதைக் காட்டினால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வந்தவர் என்ன தொழில் செய்கிறார், ஊரில் எதோடு மல்லுக்கட்டுகிறார் என்று யோசிப்பதே இல்லை. தச்சரைக் கூட்டிப்போனால் அவர் தூணைத் தட்டிப் பார்ப்பார், சமையல்காரர் அடுப்படியை எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டுமே! உங்களுக்கு ரயில் போய்விடுகிறது.

ஜனவரி பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன, ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவர்களுக்கு வைத்தவை. அவற்றைக் காட்டுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஐச் சேர்ந்தது என்று 2022இல் அறிவித்தார்கள். ஆளுக்கு ஆர்வமிருந்தால் சொல்லுங்கள். ஒகேனக்கலுக்குக் கட்டாயம் போங்கள், அருவிக்கு மட்டும் போகாமல். பாலக்கோட்டு நண்பரையும் கூப்பிடுங்கள், வண்டியை அவர் ஓட்டட்டும், எங்கே நிறுத்துவது என்பதையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் ஏதாவது ஒரு மேல்நிலைத் தொட்டியடியில் நிறுத்துவார். டீம் லீடர் அவராகவே கேள்வி கேட்பார், நீங்கள் மொழிபெயர்த்தால் போதும். கர்நாடகத்தில் அணை நிரம்பித் திறந்துவிடும் மாதங்களில் பரிசலை நிறுத்திவிடுவார்கள், ஜனவரியில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே வறுத்துத் தரும் பெண்கள் இருக்கிறார்கள். வறுகூலியை முன்னாலேயே பேசிவிடுங்கள், எண்ணெய் யார் வாங்குவது என்பதையும் சேர்த்து.