லேஆஃப் ஆனா பேர் கெட்டுடுமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பல வருஷமா ஆள் எடுக்கற வேலைதான் எனக்கு, நடுவுல ஒரு தடவ ஆள்குறைப்புல (அதான் லேஆஃப்) என்னையே தூக்கிட்டாங்க, அதனால மேஜைக்கு ரெண்டு பக்கமும் உக்காந்திருக்கேன்.

கேள்வி: அண்ணா, லேஆஃப்னு சொன்னா "இவன் சரியில்ல போல"ன்னு நினைப்பாங்களா?

பதில்: கொஞ்சம் நினைப்பாங்க, பொய் சொல்லல. 1991லயே கிப்பன்ஸ், காட்ஸ்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க இத பாத்திருக்காங்க, கம்பெனியே மூடி எல்லாரும் வெளிய வந்தவங்கள விட, பொறுக்கியெடுத்து அனுப்பினவங்களுக்கு அடுத்த வேலையில சம்பளம் அதிகமா அடிவாங்குது, ஏன்னா கூட வச்சிருந்தவனே வேணாம்னுட்டானேன்னு ஒரு சந்தேகம். அதனால எத்தன பேர் போனீங்கன்னு சொல்லிடுங்க. "ப்ராஜெக்டையே மூடிட்டாங்க, டீம்ல முக்கால்வாசி பேர் போனோம்", அவ்ளோதான். 2022 நவம்பர்ல மெட்டா 11,000 பேர், 2023 ஜனவரில கூகுள் 12,000 பேர்னு அறிவிச்சப்புறம் ஆள் எடுக்கற நாங்கல்லாம் இந்த வார்த்தைய கேட்டு முன்ன மாதிரி சந்தேகப்படறதில்ல.

கேள்வி: ரெஸ்யூம்ல இன்னும் அங்கயே வேல பாக்கற மாதிரி போட்டிருக்கேன் ப்ரோ, ஓகேவா?

பதில்: இன்னிக்கே மாத்துங்க. லேஆஃப் ஆனவர்ங்கறதுக்காக நான் யாரையும் ஒதுக்கினதில்ல, ஆனா வெரிஃபிகேஷன்ல தேதி இடிச்சு கையில இருந்த ஆஃபர் போனத பாத்திருக்கேன்.

கேள்வி: 7 மாசமாச்சு சார். முன்னாடி வந்த கால்கூட இப்போ வரல.

பதில்: நிஜமான அடி இங்கதாங்க, லேஆஃப்ல இல்ல. அமெரிக்கால சுமார் 12,000 போலி ரெஸ்யூம் அனுப்பி பாத்த ஆய்வு ஒண்ணு 2013ல வந்துச்சு, சும்மா இருக்கற மாசம் கூடக்கூட கூப்பிடறது குறையுது, பெரிய சரிவு முதல் 8 மாசத்துலயே முடிஞ்சுடுது. இன்னொண்ணு, வேலையே கிடைக்காத ஊர்கள்ல இந்த சரிவு கம்மி, அங்க ஆள யாரும் குறை சொல்றதில்ல போல. சின்ன கான்ட்ராக்ட் வேலையா இருந்தாலும் எடுத்து அந்த இடைவெளிய உடைங்க, பழைய டீம் ஆளுங்க மூலமா போங்க, அவங்களுக்கு உங்க வேல தெரியும்.

கேள்வி: பழைய கம்பெனிய இன்டர்வியூல திட்டலாமா?

பதில்: வீட்டுல திட்டுங்க.

கேள்வி: அனுப்பின மேனேஜர்கிட்டயே போய் ரெஃபரன்ஸ் கேக்க கூச்சமா இருக்குண்ணா.

பதில்: நிறைய இடத்துல லிஸ்ட் மேலேருந்து வரும், அவர் படிச்சு சொன்னதோட சரி, உள்ளுக்குள்ள அவருக்கும் உறுத்தும். முதல் வாரமே கேட்டுடுங்க, நாளானா மறந்துடுவாங்க. என்னை அனுப்பின மேனேஜர் உடனே எழுதிக் குடுத்தார், ரெண்டு மாசம் கழிச்சு அவரும் வெளிய வந்து என்கிட்ட ரெஃபரன்ஸ் கேட்டார்.