தாளிலும் பறக்கும் பறவை

கேள்வி: சிற்பி பிரான்குசி பற்றிய பெரிய படப் புத்தகங்கள் என்னிடம் உண்டு. அடுத்து எதைத் தேடலாம்?

பதில்: தடிமனான புத்தகங்களை விடுங்கள். அவை எப்போதும் கிடைக்கும். மெலிந்தவைதான் தொலைகின்றன. 1926-இல் நியூயார்க்கின் பிரம்மர் காலரியில் அவர் கண்காட்சி நடந்தது. அதற்காக வந்த 'விண்ணில் பறவை' என்ற சிற்பத்தை அமெரிக்கச் சுங்கத்துறை கலை என ஏற்காமல் 40 சதவீத வரி போட்டது! வழக்கில் 1928-இல் சிற்பி தரப்பு வென்றது. அந்தக் கண்காட்சியின் கையேடு, வழக்குச் செய்தி வந்த நாளிதழ்கள் கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம், 1921-இல் 'லிட்டில் ரெவ்யூ' இதழ் கவிஞர் எஸ்ரா பவுண்டின் கட்டுரையோடு அவருக்காக ஒரு சிறப்பிதழ் போட்டது. இப்படிப் பழைய இதழ்களை வாங்கும்போது படத்தாள்களை எண்ணிப் பாருங்கள். நான் ஒருமுறை எண்ணாமல் வாங்கினேன். நல்ல படங்களை யாரோ பிளேடால் வெட்டி எடுத்திருந்தார்கள். விற்றவர் சிரித்துச் சமாளித்தார்.

பிரான்குசி தன் சிற்பங்களைத் தானே படமெடுத்தவர், அதனால் படம் போனால் பாதி போனது. கிழிசலுக்கு செல்லோடேப் மட்டும் வேண்டாம், பசை மஞ்சளாக ஊறிவிடும். எங்கே, எப்போது வாங்கினீர்கள் என்பதைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள்.