பக்கத்து வீட்டு பில்டர், உங்கள் சுவர்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குப் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. செமி வீடு, அதாவது பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டிய வீடு, வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. பக்கத்து வீட்டில் கிச்சனைப் பின்பக்கம் நீட்டிக் கட்டுகிறார்கள். ஃபென்ஸில் இரண்டு பலகை போய்விட்டது, உங்கள் ஹால் சுவரில் விரிசல். கேட்டால் பில்டர், "பழைய வீடு, முன்னாடியே இருந்திருக்கும்" என்கிறார். கவுன்சிலில் புகார் கொடுக்கலாமா என்கிறீர்கள்.

கொடுத்துப் பயனில்லை. பிளானிங் பர்மிஷன், கட்டலாமா கூடாதா என்பதோடு முடிந்துவிடும். பில்டிங் கண்ட்ரோல், கட்டுவது விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும். உங்கள் விரிசலுக்கு யார் பணம் தருவது என்பதில் இருவருமே தலையிட மாட்டார்கள். சுவர் சரியும் நிலையில் இருந்தால் மட்டும் பில்டிங் கண்ட்ரோலை உடனே கூப்பிடுங்கள்.

நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு லாஃப்ட்டில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணில், நடந்த வேலைக்காக இரும்பு பீம் வைக்க நடுச்சுவரைக் குடைந்தார்கள். எங்கள் பெட்ரூம் பக்கம் பிளாஸ்டர் விரிந்தது. பில்டர் நல்ல மனிதர் போலப் பேசினார், மறுநாளே வந்து விரிசலை அடைக்கும் ஃபில்லர் பூசி பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். நானும் நன்றி சொல்லி டீ கொடுத்தேன். மூன்று மாதத்தில் அதே இடத்தில் இன்னும் நீளமாக வாய்பிளந்தது. அதற்குள் பில்டர் போனை எடுப்பதில்லை. என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. செலவு என் தலையில்.

அதனால் இன்றைக்கே விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். வாரம் ஒருமுறை அதையே செய்யுங்கள். வீடு வாங்கும்போது அதன் நிலையைச் சோதிக்கும் சர்வே எடுத்திருப்பீர்களே, அந்த ரிப்போர்ட்டைத் தேடுங்கள். அதில் அந்தச் சுவரில் விரிசல் என்று எழுதவில்லையானால், "முன்னாடியே இருந்தது" என்ற பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

அடுத்தது 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் சட்டம், அதாவது இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் பற்றிய சட்டம். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்தான். உங்கள் கட்டடத்துக்கு 3 மீட்டருக்குள், உங்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதானால் ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். பொதுச்சுவரில் கை வைப்பதென்றால் இரண்டு மாதம் முன்பே. 14 நாளுக்குள் நாம் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் தகராறு என்று கணக்கு. பிறகு இந்தத் தகராறைத் தீர்க்கும் கட்டட சர்வேயர்கள் வருவார்கள், வழக்கமாக அவர்கள் ஃபீஸும் வேலை செய்விக்கும் பக்கத்து வீட்டுக்காரர் தலையில்தான். வேலை தொடங்கும் முன்பே உங்கள் வீட்டின் நிலையை அவர்கள் பதிவு செய்து வைப்பார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் செய்த வேலையால் சேதம் வந்தால் ஈடு செய்ய வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். "பில்டரைக் கேளுங்கள்" என்று அவர் நழுவ முடியாது.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. நோட்டீஸ் ஓராண்டு செல்லும். ஆகவே அது நீங்கள் வாங்குவதற்கு முன்பே பழைய உரிமையாளர் கைக்குப் போயிருக்கலாம். வீட்டைப் பற்றி விற்பவர் பூர்த்தி செய்து தரும் டிஏ6 படிவம் உங்கள் சொலிசிட்டரின் (வீடு வாங்கும் வேலையைப் பார்த்த வக்கீலின்) ஃபைலில் இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நோட்டீஸே தராமல் தொடங்கியிருந்தால் அந்தச் சட்டத்தின் சர்வேயர் வழி உங்களுக்குத் திறக்காது. 2023இல் அப்பீல் கோர்ட் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அப்போது சாதாரண சிவில் வழக்குதான் வழி.

ஃபென்ஸ் வேறு கணக்கு. பலகையை உடைத்தது பில்டரின் கவனக்குறைவு என்றால் பொறுப்பு பெரும்பாலும் அவருடையதே. அவருடைய பப்ளிக் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் (வேலையில் பிறருக்கு நேரும் சேதத்துக்கானது) விவரத்தை எழுத்தில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்குப் பலகை வாங்கிவர நேரம் கிடைத்துவிடுகிறது! உங்கள் வீட்டு இன்ஷூரன்ஸுக்கும் தகவல் கொடுங்கள், அதில் வழக்குச் செலவுக்கான லீகல் கவர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கோர்ட் என்றால் 10,000 பவுண்டு வரை ஸ்மால் கிளெய்ம்ஸ் எனும் சிறு தொகை வழக்கு, வக்கீல் இல்லாமலே நடத்தலாம். முதலில் 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து போனிலேயே இலவச சமரசப் பேச்சுக்கும் இருதரப்பும் வந்தாக வேண்டும்.

ஆனால் கடிதம் எழுத உட்காரும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், அதுவும் பில்டர் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில். அவரை உங்கள் ஹாலுக்குக் கூட்டிவந்து விரிசலைக் காட்டுங்கள். பல பேருக்குத் தங்கள் பில்டர் என்ன செய்தார் என்றே தெரியாது. பேசி முடித்ததை அன்றே ஈமெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். நாளை நீங்கள் வீட்டை விற்கும்போது அதே டிஏ6 படிவம் அயலாரோடு தகராறு உண்டா என்று உங்களைக் கேட்கும். அதில் "ஆம்" என்று எழுத நேர்ந்தால் வாங்க வருகிறவர் தயங்குவார். எனக்கு அந்தத் தொல்லை வரவில்லை, ஏனென்றால் நான் கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை.

பில்டர் இப்போது ஃபில்லரோடு வந்தால் உள்ளே விடாதீர்கள். நோட்டீஸ் விஷயம் தெரிந்ததும் எழுதுங்கள், கடிதத்தில் என்ன போடுவது என்று பார்ப்போம்.