ஃபேக்ஸ் அனுப்பும் முன் தாளைத் தயார்செய்யச் சொல்வது ஏன்?

பின்னை எடு, வொயிட்னர் காயட்டும், பென்சில் எழுத்தென்றால் ஜெராக்ஸ் போட்டு வா என்றெல்லாம் ஃபேக்ஸ் அனுப்பும் இடத்தில் சொல்வார்கள். தாளைத் தயார்செய்வது என்பது இதுதான்: மெஷினில் சிக்காமல் ஓடவேண்டும், அந்தப் பக்கம் படிக்கும்படி போய்ச் சேரவேண்டும்.

கரும்பு ஜூஸ் மெஷின் கரும்பை இழுப்பதுபோல், ரப்பர் உருளைகள் தாளை உள்ளே இழுக்கும். பெரும்பாலான மெஷின்களில் ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையைத் தாள் கடக்கும்போதுதான் அது படிக்கப்படுகிறது. பின் இருந்தால் கண்ணாடியில் கீறல் விழும். ஈர வொயிட்னர் பொட்டளவு ஒட்டினாலே போதும், அப்புறம் அனுப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு! கிழிந்த, கசங்கிய தாளென்றால் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

எழுத்து விஷயம் வேறு. சாதாரண கறுப்பு வெள்ளை ஃபேக்ஸில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. நடுவில் எதுவும் கிடையாது. அதனால் மங்கலான பென்சில் காணாமல் போகும். அடர்ந்த ஹைலைட்டர் பட்டை வரியையே கறுப்பாக விழுங்கிவிடலாம். கறுப்பு மையில் சற்றுப் பெரிதாக எழுதுங்கள்.

'ஃபைன்' பட்டனை அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மில்லிமீட்டருக்குச் சுமார் 4 கோடாகப் படிப்பதை 8 ஆக்கும். பொடி எழுத்துக்கு உதவும், வெளிறிய எழுத்தைக் கறுப்பாக்காது.