தண்ணீருக்குள் மட்டும் வலி இல்லை

அன்புள்ள அம்மா,

பாம்பன் பக்கம் கடலோரக் கிராமம். வயது 38. பாசி எடுக்கிற வேலை. ஒரு வருஷமாக நெஞ்சில் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி வலி. இசிஜி, எக்கோ எல்லாம் பார்த்தாச்சு. "ஒன்றும் இல்லை, போம்மா" என்கிறார்கள். ஒன்றும் இல்லாமலா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்?

வீட்டுக்காரர் இலங்கைச் சிறையில் 4 மாதம் இருந்து வந்தவர். வந்ததிலிருந்து பேச்சே இல்லை. அவர் உள்ளே இருந்தபோது வட்டி கட்டியது, பிள்ளைகளைப் பார்த்தது எல்லாம் நான். இப்போது "நடிக்கிறாய்" என்கிறார். மாமியார் காத்து கருப்பு என்று ஏர்வாடி தர்காவுக்குக் கூப்பிடுகிறார். சங்கிலி போட்டு விட்டுவிட்டு வரத்தான் திட்டம். நான் கோயிலுக்கும் போவதில்லை, சாமி எனக்கு என்ன செய்தது? தண்ணீருக்குள் மூழ்கினால் மட்டும் வலி தெரியாது. போன அமாவாசைக்கு மேலே வரவே பிடிக்கவில்லை, கூட வந்த அக்கா முடியைப் பிடித்து இழுத்துவிட்டார். அது கிடக்கட்டும். ஒன்றும் இல்லை என்றால் ஏன் வலிக்கிறது? இவர் என்னை நடிக்கிறேன் என்று சொல்லலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் படித்த அன்றே உங்களோடு போனில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று நீங்கள் சொன்னதால் இங்கேயும் எழுதுகிறேன்.

"அது கிடக்கட்டும்" என்றீர்களே, அதை நான் கிடக்க விடமாட்டேன். சாகத் தோன்றியதா என்று நேராகவே கேட்டேன். ஆமாம் என்றீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முகம் தண்ணீரில் அமிழ்ந்து மூச்சு அடங்கினால் இதயத் துடிப்பு தானாக மெதுவாகும். எல்லா உடம்புக்கும் உள்ள இயல்பு அது. உங்களுக்குக் கிடைத்த நிம்மதி அங்கிருந்து வந்தது, சாவிலிருந்து அல்ல. கடலில் பிடித்த மூச்சை எப்போது விடவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கரையில்தான், அவர் சிறைக்குப் போன நாளில் பிடித்த மூச்சை இன்னும் விடவில்லை. பயத்திலேயே நாள் கழிந்தால் நெஞ்சுத் தசை இறுகும், தூக்கம் கெடும். எக்கோவில் அது தெரியாது. வலி நிஜம், நடிப்பில்லை.

ஆனால் மாமியார் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. அந்த வீட்டில் உங்களுக்கு முடியவில்லை என்று நம்புகிற ஒரே ஆள் அவர்தான். காத்து கருப்பு என்பது அவருக்குத் தெரிந்த சொல். சங்கிலி பயம் நியாயமானதே. 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு வெந்துபோன 28 பேரை நம் பக்கத்தில் யார் மறந்தார்கள்? 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. தர்காவுக்குப் போங்கள், மனநல மருத்துவரையும் பாருங்கள். சாமி என்ன செய்தது என்ற கேள்வியைக் கோயிலில் நின்றே கேளுங்கள், அழுகை வந்தால் அழுங்கள்.

உங்கள் கணவர் சொன்னது தப்பு. அதேசமயம் அந்த 4 மாதத்தில் அவருக்கு என்ன நடந்தது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

மருத்துவர் சரி என்கிறவரை கடலில் இறங்காதீர்கள். மாதம் 12 நாள் பாசி வருமானம் போகும், தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். எந்நேரமும் எடுப்பார்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். அப்புறம், அந்த அக்கா "இழுத்துவிட்டார்" என்று குறை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அன்று மனதில் என்ன இருந்தது என்று இன்றே அவரிடம் சொல்லுங்கள். நாளை சாயங்காலம் நான் கூப்பிடும்போது அவரும் பக்கத்தில் இருக்கட்டும்.