பாட்டிலில் மிச்சம் இருந்த மருந்து

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. வலிப்புக்காக சோடியம் வால்ப்ரோயேட் சிரப் காலை, இரவு 5 மி.லி. கொடுக்கிறோம். எட்டு மாதமாக வராத வலிப்பு போன வாரம் மறுபடி வந்துவிட்டது. டாக்டர் அளவைக் கூட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், 20 நாளில் தீர வேண்டிய 200 மி.லி. பாட்டிலில் கால்வாசி அப்படியே இருக்கிறது. எனக்கு மில்லில் ஷிஃப்ட் வேலை, மாமியார்தான் மருந்து கொடுக்கிறார். மருந்து ஏன் இப்படி விட்டுப்போகிறது? டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ?
(ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: திட்டினாலும் பரவாயில்லை அம்மா, இன்றைக்கே சொல்லுங்கள். பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். கால்வாசி என்றால் 50 மி.லி., அதாவது பத்து வேளை. இது தெரியாததால்தான் மருந்து போதவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டியிருப்பார். இன்னொரு முறை வலிப்பு வந்தால் இரண்டாவது மருந்தையும் சேர்ப்பார். குழந்தை வகுப்பில் தூங்கி வழியும். கூட்டிய அளவையே தொடர்வதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

உங்கள் மாமியாரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அமெரிக்காவில் புதிதாக வலிப்பு நோய் கண்டறியப்பட்ட 124 குழந்தைகளின் மருந்து பாட்டில்களில் மின்னணுக் கருவி பொருத்திப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில், முதல் ஆறு மாதத்தில் 58 சதவீதம் பேருக்கு மருந்து விட்டுப்போயிருந்தது. அக்கறையில்லாத வீடுகள் என்றா இதைச் சொல்வது?

வலிப்பு நின்றதும் "நல்லாத்தானே இருக்கா, பச்சப் புள்ளைக்கு எதுக்குத் தினமும் மருந்து?" என்று பாட்டிகளுக்குத் தோன்றும். காய்ச்சல் விட்டால் மாத்திரையை நிறுத்திப் பழகியவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? ஆனால் குழந்தை நன்றாக இருப்பதே அந்த மருந்தால்தான். வலிப்பே இல்லாமல் பெரும்பாலும் இரண்டு வருடம் ஓடிய பிறகுதான், டாக்டர் பார்த்து மெல்ல மெல்லக் குறைப்பார். சாப்பிடும் முன்பே தூங்கிவிட்ட பிள்ளையை எழுப்ப மனம் வராததும் உண்டு. சமையல் கரண்டியில் ஊற்றுவதால் அளவு குறைவதும் உண்டு. பாட்டிலோடு வந்த அளவுக் குப்பியையே பயன்படுத்துங்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. லேபிளைக் கிழித்துவிட்டு, பாட்டிலைக் கைப்பையின் அடியில் சுருட்டி வைத்துக்கொண்டு ஒரு தாய் என்னிடம் வந்தார். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் பார்த்துவிடுவார்களே என்று இரண்டு நாள் மருந்தே கொடுக்கவில்லை. பெண் குழந்தை என்றால் இந்தப் பயம் இரட்டிப்பு. இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

அடுத்த முறை மாமியாரையும் அழைத்துப் போங்கள். டாக்டர் சொல்வதை அவர் நேரில் கேட்கட்டும். வீட்டில், இரவு மருந்து கொடுத்த பிறகுதான் தினசரி காலண்டர் தாளைக் கிழிப்பது என்று வையுங்கள். அந்தப் பொறுப்பும் அவரிடமே இருக்கட்டும். ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டு வேளை அளவைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.