ராயபுரம் கேஸும் டெக்சாஸ் லைசென்ஸும்

தம்பி, குடும்பத்தோடு ஹூஸ்டன் வந்து சேர்ந்ததில் சந்தோஷம். நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டது இப்படி: 2016-ல் ராயபுரத்தில் ஒரு தெருச் சண்டை, எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் ஃபைன் கட்டி முடித்துவிட்டீர்கள். விசா படிவத்தில் அதை மறைக்காமல் எழுதினீர்கள், விசாவும் வந்துவிட்டது. இங்கே எலக்ட்ரீஷியன் ஆகலாமா, இல்லை எண்ணூரில் ஓட்டிய மாதிரி டிரெய்லர் ஓட்டலாமா என்று யோசிக்கிறீர்கள். "கேஸ் இருந்தால் லைசென்ஸே கிடையாது" என்று யாரோ சொன்னதில் தூக்கம் போய்விட்டது. ஸ்டான்லியில் நர்ஸாக இருந்த உங்கள் மனைவியின் லைசென்ஸுக்கும் இதனால் பங்கம் வருமா என்பது இன்னொரு கவலை.

அந்தக் கவலையை முதலில் விடுங்கள். நர்சிங் போர்டு பார்ப்பது அவர் கைரேகையை, அவர் பதில்களை. கணவன் மேல் இருக்கும் கேஸ் அவர் கணக்கில் ஏறாது. அவர் பெயரில் ஏதாவது இருந்தால்தான் பேச்சே. அப்படி இருந்தாலும் டெக்சாஸ் நர்சிங் போர்டிடம் முன்கூட்டியே மனுப் போட்டு, "எனக்குத் தகுதி உண்டா" என்று உத்தரவு வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. ஒன்று மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்: பல மாநிலங்களில் செல்லும் கூட்டு லைசென்ஸ் என்று ஒன்று உண்டு, டெக்சாஸும் அதில் உறுப்பு. ஃபெலனி, அதாவது பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு அது கிடைக்காது.

இனி உங்கள் விஷயம்.

"ஃபைன் கட்டினேன், கேஸ் முடிந்தது" என்று நம்மூரில் சாதாரணமாகச் சொல்வோம். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் தெருச் சண்டை என்றால் அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506(1), அதாவது கெட்ட வார்த்தை, அடி, மிரட்டல் என்று மூன்று பிரிவும் ஜோடி பிரியாமல் வந்தன. அதில் சிலது ராசியாகி முடியும், சிலது ஐகோர்ட்டில் குவாஷ், அதாவது ரத்து ஆகும், சிலதில் வக்கீல் "ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிடு, இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்பார். மூன்றுக்கும் இங்கே மதிப்பு வேறு வேறு. 323 மாதிரி சாதாரணக் காயக் கேஸில் சமரசம் பதிவானால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டியது, முந்நூறு ரூபாயாக இருந்தாலும், தண்டனைதான். அதனால் கேஸ் எந்த வழியில் முடிந்தது என்பதைக் காகிதத்தில் பார்க்காமல் எந்தப் படிவத்திலும் கை வைக்க வேண்டாம். நினைவை நம்பி "டிஸ்மிஸ் ஆச்சு" என்று எழுதி, பிறகு தீர்ப்பு நகலில் வேறு மாதிரி இருந்து மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, லைசென்ஸ் கொடுப்பது யார்? இங்கே நாடு முழுவதற்கும் ஒரே ஆபீஸ் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, தொழிலுக்குத் தொழில் போர்டு வேறு. டெக்சாஸில் எலக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக், முடி திருத்துபவர், பழுதான வண்டியை இழுத்துப் போகும் டோ டிரக்காரர் எல்லோரும் டி.டி.எல்.ஆர். என்ற ஒரே துறையின் கீழ் வருகிறார்கள். (முடி வெட்ட லைசென்ஸா என்று என் அப்பா ஒரு வாரம் சிரித்தார்.) நானும் அந்தத் துறையில் லைசென்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியன்தான். பழைய கேஸோடு வந்து இன்று மாஸ்டர் எலக்ட்ரீஷியனாக இருப்பவர்களோடு தினமும் வேலை பார்க்கிறேன்.

அவர்கள் பார்ப்பது, குற்றத்துக்கும் தொழிலுக்கும் தொடர்பு உண்டா என்பதை. எலக்ட்ரீஷியன் ஆளில்லாத வீட்டுக்குள் போகிறவர், குழந்தைகள் மட்டும் இருக்கும் நேரத்தில்கூடப் போக வேண்டிவரும். அதனால் திருட்டு, வீடு புகுதல், கடுமையான வன்முறை, பாலியல் குற்றம் போன்றவற்றை உற்றுப் பார்ப்பார்கள். அதற்கு மேல் அப்போது உங்களுக்கு என்ன வயது, எத்தனை வருஷம் ஆகிவிட்டது, அதற்குப் பிறகு எப்படி வேலை பார்த்தீர்கள், உங்களைப் பற்றி யார் நல்ல வார்த்தை எழுதித் தருகிறார்கள் என்பதையும் எடைபோட வேண்டும் என்று டெக்சாஸ் தொழில் சட்டத்தின் 53-ஆம் அத்தியாயமே சொல்கிறது. இளவயதில் நடந்த ஒரே ஒரு கைகலப்பு, அதற்கப்புறம் இத்தனை வருஷம் ஒழுங்கான வேலை. என் கணக்கில் இது கதவை மூடும் கேஸ் இல்லை.

ஆனால் என் கணக்கை நம்பிக் காசை இறைக்க வேண்டாம். ஜர்னிமேன், அதாவது பயிற்சி முடித்த எலக்ட்ரீஷியன் ஆக 8,000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை பார்த்திருக்க வேண்டும். அது நாலு வருஷ உழைப்பு. அத்தனையும் முடித்துவிட்டுக் கடைசியில் "கிடையாது" என்று கேட்பதைவிட முதலிலேயே கேட்டுவிடலாம். அதே 53-ஆம் அத்தியாயத்தில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது: படிப்பில் சேரும் முன்பே, பரீட்சை எழுதும் முன்பே, உங்கள் கேஸ் விவரத்தைக் கொடுத்து மதிப்பீட்டுக் கடிதம் கேட்கலாம். 90 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். நீங்கள் எதையும் மறைக்காதவரை அந்தப் பதில் பின்னாளிலும் செல்லும். இவ்வளவு நல்ல வசதியை நம் ஆட்கள் தொடுவதே இல்லை. "நாமே போய் ஏன் காட்டிக்கொடுக்கணும்" என்கிறார்கள்.

இந்தப் பேச்சை நீங்களும் கேட்பீர்கள். "ராயபுரம் ஸ்டேஷன் கேஸ் எஃப்.பி.ஐ. கம்ப்யூட்டரில் வருமா என்ன, எழுதாதே." வராமல் இருக்கலாம். ஆனால் விசாவுக்குக் கொடுத்த படிவத்தில் அது இருக்கிறது, போலீஸ் சான்றிதழோடு அமெரிக்க அரசின் ஃபைலில் கிடக்கிறது. ஒரு அரசுக்கு "ஆமாம்", இன்னொரு அரசுக்கு "இல்லை" என்றால், தெருச் சண்டையை மன்னித்திருக்கக்கூடிய போர்டு பொய்யை மன்னிக்காது. விண்ணப்பத்தில் பொய் என்பதே லைசென்ஸை மறுக்கத் தனிக் காரணம். கலிஃபோர்னியாவில் 2020 ஜூலையிலிருந்து பெரும்பாலான போர்டுகள் குற்ற வரலாற்றை விண்ணப்பதாரரிடம் கேட்பதே இல்லை, 7 வருஷத்துக்கு முந்தைய சாதாரணக் கேஸ்களை வைத்து மறுக்கவும் முடியாது. அங்கே இருக்கும் சொந்தக்காரர் "நான் எதுவும் எழுதலையே" என்று சொன்னால் அவருக்கு அது சரி. உங்கள் படிவத்தில் கேள்வி இருந்தால் பதில் எழுதுங்கள்.

மறுக்கப்போகிறோம் என்று கடிதம் வந்தாலும் அதோடு முடியவில்லை. காரணத்தை எழுத்தில் சொல்லி, பதில் தர குறைந்தது 30 நாள் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் விசாரணை கேட்கலாம். முதல் கடிதத்தைப் பார்த்ததும் மனசு விட்டு மடித்து வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

டிரக் விஷயம் வேறு. ஹார்பருக்குள் வேலை பார்க்க டி.டபிள்யூ.ஐ.சி. என்ற மத்திய அரசின் அடையாள அட்டை வேண்டும். கொலை, தேசத்துரோகம் போன்றவற்றுக்குக் காலவரம்பே இல்லாத தடை. கொள்ளை, போதைப்பொருள் விற்பனை, ஆயுதம் போன்ற ஃபெலனிகளுக்குத் தண்டனையிலிருந்து 7 வருஷம், சிறையிலிருந்து வெளியே வந்து 5 வருஷம் என்று தடை. மணலி டேங்கர் மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்றுவதற்கும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். சாதாரணக் கைகலப்பு அதில் இல்லை. என் மச்சானுக்குக் கேஸ் எதுவும் கிடையாது, ஆனாலும் அந்த அட்டைக்குக் கைரேகை கொடுக்கும்போது திண்டாடினார். காசிமேட்டில் வருஷக்கணக்காக வலை இழுத்த விரல், ரேகை தேய்ந்துபோயிருந்தது. மெஷினில் வைத்த ஒவ்வொரு விரலுக்கும் சிவப்பு விளக்கு. அங்கிருந்த அம்மா ஈரத்துணியால் துடைத்து, லோஷன் தடவி, கட்டைவிரலைத் தானே பிடித்து உருட்டியதில் ஒருவழியாக ஏறியது. உங்கள் கையும் லாரிக் கைதானே, நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.

பழைய கேஸைவிட இனிமேல் வரக்கூடிய கேஸைப் பற்றித்தான் எனக்குப் பயம். டிரக்கில் 0.04 சதவீதம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரில் குடித்துவிட்டு மாட்டித் தண்டனை வந்தாலும் டிரக் லைசென்ஸ் ஒரு வருஷம் போகும், இரண்டாவது தடவை என்றால் ஆயுளுக்கும் தடை. கடையில் பில் போடாமல் பொருளை எடுத்துவந்த கேஸ் இன்னும் மோசம். அது நேர்மை சம்பந்தப்பட்டது. லைசென்ஸ் ஒருபுறம் இருக்கட்டும், முதல் 5 வருஷத்துக்குள் என்றால் கிரீன் கார்டுக்கே வினையாகலாம். இங்கே "டிஃபர்டு" என்று ஒன்று தருவார்கள்: ஒத்துக்கொள், ஒழுங்காக இரு, தண்டனைத் தீர்ப்பு இல்லாமல் முடித்துவிடுகிறோம் என்பார்கள். டெக்சாஸ் கணக்கில் அது முடிந்ததுதான். குடியேற்றச் சட்டத்தின் கணக்கில் அது தண்டனை. ஒத்துக்கொண்டால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை என 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே அப்படி ஒரு நிலை வந்தால், கையெழுத்துப் போடும் முன் அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஊரில் இருக்கும் உங்கள் அண்ணனிடம் கேஸ் நம்பரைக் கொடுத்து, ஒரு வக்கீல் மூலம் ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் தீர்ப்பின் சர்டிஃபைட் காப்பிக்கு மனுப் போடச் சொல்லுங்கள். பழைய கேஸ் கட்டு அழிக்கப்பட்டுவிட்டது என்றால் அதையே கோர்ட் முத்திரையோடு எழுதி வாங்க வேண்டும், வெறுங்கையோடு திரும்பக் கூடாது. தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படும். காப்பி வந்ததும் எனக்கு அனுப்புங்கள், மதிப்பீட்டுக் கடிதத்துக்கான விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்பலாம். அதுவரை ஏ.சி. கோர்ஸ், டிரக் ஸ்கூல் என்று எங்கேயும் அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள்.